கோட்டைச் சுண்ணாம்பு பூசிய லாரி

அந்த லாரியின் சத்தம் கேட்டால் எனக்குப் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம். கல்யாணமாகி செஞ்சிக்கு வந்த புதிதில் இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் நான் சோறாக்கினேன், துணி துவைத்தேன், தூங்கினேன். இன்றைக்குப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மனிதரோடு ஒரு மாதம் பழகியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். லாரி எங்களுடையது இல்லை. அதன் சொந்தக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் இன்றும் கடைத்தெருவில் இருக்கிறார்கள். "எங்க நைனாவப் பத்தி இன்னா கண்டபடி எழுதி வெச்சிருக்க" என்று படியேறி வந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு அவர் மொதலாளி. எனக்கு அண்ணன். அவருக்கு நான் தங்கச்சி; கோபம் வந்தால் மட்டும் "ஏம்மா".

மளிகைக் கடைக் குடும்பம். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் புளியும் மிளகாயும் நிறுத்துக்கொண்டு பத்திரமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்க, இவருக்கு மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் அவர் முகம் வாடிவிடும். சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். தட்டுவார், முகர்வார், காதை வைத்துக் கேட்பார். பிறகு, "இத்த இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணலாம் தங்கச்சி" என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கைக்கு எட்டின சாமானையெல்லாம் எடுத்து ஒளித்துவைப்பேன்.

அதுகூடப் பரவாயில்லை, கைக்குணம் என்று விட்டுவிடலாம். செய்து முடித்ததை அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் தன் மேலேயே போட்டுப் பார்ப்பார். அதுதான் அந்த மனிதர். உயரம், கறுப்பு, காதோரம் நரை, சட்டைப் பையில் திருப்புளி, இதெல்லாம் அப்புறம்.

எங்கள் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டுச் சீர். நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் வீணாகப் போகிறதென்று அதைக் கழற்றி, துளையைச் சின்னதாக்கி, ஏதேதோ வளையம் போட்டு மாட்டினார். பற்றவைக்க நான் போனேன். "நீ கிட்ட வராத, அந்தப் பக்கம் போயி நில்லு" என்று என்னைக் கிணற்றடிக்குத் துரத்திவிட்டு, தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழித்தார். ஒரு ஆள் உயரம் எழுந்தது நெருப்பு. நான் வீல் என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தபோது புருவம் இரண்டும் இல்லை. புருவமில்லாமல் ஒரு மனிதர் சிரித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா அண்ணே? மூஞ்சி வெந்து போயிருந்தா?" என்றேன்.

"நீ பத்த வெச்சிருந்தா? உனக்குக் கூந்தல் வேற நீட்டு" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்ட நிம்மதியோடு ஸ்டவ்வை மறுபடியும் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

கிணற்றுக்குப் புது ராட்டினம் போட்டபோதும் அதே கதை. கயிறு பாரம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் குடத்தைக் கட்டி விடவேண்டியதுதானே? தன்னையே கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். என் வீட்டுக்காரரும் சுமை தூக்குகிற ஆட்களும் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்கிறார்கள். கீழேயிருந்து, "இன்னும் வுடு, இன்னும் வுடு" என்று குரல் வருகிறது. ராட்டினம் தாங்கியது. எனக்குத்தான் அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தெருவுக்குக் கரண்ட் வந்த புதிதில் ஒயரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "வந்துருச்சு" என்று கையை உதறிக்கொண்டே சொல்வார். அதைப் பார்க்கக் கூடாதென்று நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, உங்களுக்குப் பயமே கெடையாதா?"

"பண்ணது நானு. தப்பா பண்ணியிருந்தா அது என்னைத்தான் கடிக்கணும். இன்னொருத்தனப் போயி ஏன் கடிக்கணும்?" என்றார். இதைக் கேட்டு என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் பயத்தைக் கழற்றி எங்கள் தலையில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்குத் திரிந்தார். அவர் பங்கையும் சேர்த்து நான் பயந்தேன்.

இப்போது லாரி. மிலிட்டரியில் கழித்துக் கட்டிய பெட்ரோல் வண்டி, நீண்ட மூக்கு, மரப்பலகைத் தரை. எந்தச் சண்டையில் ஓடியதோ, எந்த வெள்ளைக்காரன் ஓட்டினானோ, ஏலத்தில் கைமாறிக் கைமாறி எங்கள் ஊருக்கு வந்து மல்லாட்டை மூட்டை சுமந்தது; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். மேல்சித்தாமூர், வல்லம் பக்கமெல்லாம் போய்க் களத்திலிருந்து மூட்டை ஏற்றித் திருவண்ணாமலையில் இறக்கிவிட்டு வரும். அடியில் சைலன்சர் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாகத் துருப்பிடித்த தகரம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். திருவண்ணாமலை ரோட்டில் மலைகளுக்கு நடுவே வண்டி திரும்பும்போதே சத்தம் இரண்டு மலையிலும் மோதி ஊருக்குள் வந்துவிடும். வண்டி வர இன்னும் நேரமிருக்கும். நான் எழுந்து உலை வைப்பேன்.

சத்தத்தைச் சகித்துக்கொள்ளலாம். புகையை என்ன செய்வது? வெளியே போக வேண்டிய புகையெல்லாம் பலகை இடுக்கு வழியாகக் கேபினுக்குள் வரும். என் வீட்டுக்காரர் வீடு திரும்பினால் மூக்கைச் சிந்தினாலும் கறுப்பு, எச்சில் துப்பினாலும் கறுப்பு. இருமி இருமி நெஞ்சு வலிக்கிறது என்பார். ஒரு நாள் வல்லம் போகும் வழியில் நட்டநடுப் பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகி, வண்டி ரோட்டை விட்டு இறங்கி மல்லாட்டைக் கொல்லைக்குள் போய் நின்றிருக்கிறது. மேலே மூட்டையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் கூச்சல் போட்டு எழுப்பியிருக்கிறார்கள். கொல்லைக்குப் பதிலாகக் கிணறு இருந்திருந்தால்? அந்தப் பக்கம் ரோட்டோரமெல்லாம் சுவரில்லாத கிணறுதான்.

மறுநாள் அவருடைய தகரக் கொட்டகைக்கு நானே போனேன். வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் இடம் அது. பொம்பளைகள் போகிற இடமில்லை. போனேன்.

"அண்ணே, ஊர்ல இருக்கற ஸ்டவ்வு ராட்டினம் எல்லாத்தையும் நோண்டறீங்க. உங்க வண்டிய ஏண்ணே நோண்ட மாட்டேங்கறீங்க? அந்தப் பொகைக்கு ஒரு வழி பண்ணுங்க. பண்ற வரைக்கும் இவர நான் அனுப்ப மாட்டேன்."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "இத்த நீயே வந்து கேக்கற அளவுக்கு வுட்டது என் தப்புதான் தங்கச்சி" என்றார். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. ஐயோ, எதற்கடா வாயைத் திறந்தோம் என்று இருந்தது எனக்கு.

விழுப்புரத்தில் பழைய இரும்பு விற்கிறவர்களிடம் போய், உடைத்துப் போட்ட பஸ் ஒன்றின் பெரிய சைலன்சரை வாங்கிவந்தார். லாரியின் வால் வரைக்கும் நீளுகிற குழாய் ஒன்றும் கொண்டுவந்தார். எல்லாம் சரிதான். இன்ஜினிலிருந்து வருகிற குழாயும் இந்தப் புதுக் குழாயும் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தவில்லை. சேர்கிற இடத்தில் சந்து. அது சரியாக டிரைவர் காலடியில் இருந்தது. அதை கேஸ் வைத்துப் பற்றவைக்க வேண்டுமென்றால் திண்டிவனம் கொண்டுபோக வேண்டும். மல்லாட்டை பிடுங்குகிற காலம், வண்டியை விட மனசில்லை.

நிஜக் காரணம் அதுவும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கே எந்தச் சுவர் இடிந்தது என்று கேள்விப்பட்டாலும், "நம்ம கோட்டச் சுண்ணாம்புல பூசியிருந்தா இடியுமா?" என்பார்கள். பாலம் விரிசல் விட்டாலும் அதேதான், பல் ஆடினாலும் அதேதான். பீரங்கிக்கு அசையாத சுவராம். அண்ணனுக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது. கோட்டைக்குள் நெற்களஞ்சியத்துப் பக்கம் போய், ஆணி ஒன்றை எடுத்துச் சுவரைக் கீறிப் பார்த்துவிட்டு வந்தார். ஆணி முனைதான் மழுங்கியது என்று எல்லோரிடமும் காட்டினார். காவல்காரன் விரட்டினானாம், அதையும் சந்தோஷமாகச் சொன்னார்.

"கடுக்கா, வெல்லம், சுண்ணாம்பு. இத்தப் போட்டு அடைச்சா இந்தச் சந்துல காத்துகூடப் பூராது" என்றார். கூடி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும்தான். ஒருவர்கூட, "நெருப்பு மாதிரி சுடற குழாயிலியா?" என்று கேட்கவில்லை. கோட்டை என்று சொன்னால் எங்கள் ஊரில் மேல்கேள்வி கிடையாது.

கடுக்காயை ஊறவைத்தார். வெல்லத்தைக் கரைத்தார். சுண்ணாம்பை நீர்த்துச் சலித்தார். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உன் ஆட்டுக்கல்ல கொஞ்சம்..."

"அண்ணே! அதுல நாளைக்கு நான் மாவாட்டணும். எங்கள இட்லியிலியே சாவடிக்கலாம்னு பாக்கறீங்களா?"

எங்கேயோ போய் உடைந்த கல்வம் ஒன்றைத் தேடி எடுத்து அதில் அரைத்தார். வெண்ணெய் மாதிரி வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். வேறென்ன செய்வார். நாக்கு வெந்து இரண்டு நாள் மோர்தான் குடித்தார். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சந்தில் பூசி, சாக்கைக் கிழித்துச் சுற்றி, மேலே மறுபடியும் பூசி, காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கு போர்த்தினார். ஜுரக்காரனுக்கு நெற்றியில் பற்றுப் போட்டதுபோல் வண்டி சில நாள் கொட்டகையில் கிடந்தது.

முதல் ஓட்டம் அவரேதான் போனார். என் வீட்டுக்காரரை ஏறவிடவில்லை. மேல்சித்தாமூர் வரை போய்த் திரும்பி, இறங்கி, வெள்ளைத் துண்டால் முகத்தைத் துடைத்துத் துண்டை எல்லோருக்கும் காட்டினார். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. சத்தமும் இல்லை. பூனை வருவதுபோல் வந்தது அந்த லாரி. புகை தூரத்தில், வாலில், யாருடையதோ மாதிரி போய்க்கொண்டிருந்தது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. நானும் கைகூப்பிவிட்டேன். இவ்வளவு நாள் இந்த மனிதரைத் திட்டினோமே என்று இருந்தது.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். முதலில் சத்தம் போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மலையடியில் திரும்புவது கேட்காது, எப்போது வருவார் என்று தெரியாது. வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன். பிறகு, வந்து இறங்குகிறவரின் நடையில் ஏதோ சரியில்லை. தலை வலிக்கிறது என்றார். வெயில் என்றேன். மறுநாளும் தலைவலி, குமட்டல். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தேன். வண்டியை ஊரே பார்த்துப் பொறாமைப்பட்டதே, கண்ணேறுதான் என்று உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வரவேயில்லை. அப்படியானால் பெரிய கண்தான் என்று பயந்தேன். என் பயம் அன்றைக்குச் சரியாகத்தான் வேலை செய்தது, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "இன்னிக்கு ரோடு ரெண்டா தெரிஞ்சுதுடி. எது நெசம்னு தெர்ல. நடுவால வுட்டேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "பொகை வருதா உள்ள?"

"பொகையே இல்ல. வாசனகூட ஒண்ணும் தெர்ல. எனக்கே இன்னமோ சீக்கு போல. மொதலாளி கிட்ட சொல்லிடாத, வண்டிய வேற ஆளு கிட்ட குடுத்துடுவாரு."

அவர் கை கழுவப் போனார். நான் கொட்டகைக்குப் போனேன். எதையும் மறைக்காமல் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கேபின் கதவைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்தார். பிறகு, "நாளைக்கு நானே உள்ள உக்காந்து பாக்கறேன்" என்றார்.

மறுநாள் உச்சி வெயில். கொட்டகைக்கு முன்னால் லாரி. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். கேபின் கண்ணாடிகளை ஏற்றினார். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார். இன்ஜினை ஓட விட்டு, ஆக்சிலேட்டர் மேல் ஒரு கல்லை வைத்தார்.

"நான் தட்டற வரைக்கும் தொறக்காதீங்க. நடுவுல தொறந்தா காத்து பூந்து எல்லாம் கெட்டுடும். தம்பி, உன்கிட்டதான் சொல்றேன், தங்கச்சி கத்துவா. கேக்காத." கதவைச் சாத்திக்கொண்டார். தட்டுகிறேன் என்றாரே, தட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதலில் வேடிக்கை காட்டினார். ஸ்டியரிங்கைத் திருப்புவது மாதிரி செய்தார். என்னைப் பார்த்துச் சலாம் போட்டார். வாயை அசைத்து ஏதோ பாடினார், கண்ணாடி வழியாகக் கேட்கவில்லை. நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பாட்டு நின்றது. ஸ்டியரிங் மேல் கையை மடக்கித் தலையைச் சாய்த்துக்கொண்டார். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. சிரித்த முகமாகவே இருந்தது.

"தூங்கறாரு" என்றேன்.

"வெளாட்டு காட்றாரு. உன்ன பயமுறுத்தறதுன்னா அவருக்கு அல்வா சாப்பிடற மாதிரி" என்றார் இவர்.

நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அப்போது அவர் ஒரு கை வழுக்கித் தொங்கியது. விளையாட்டுக்குத் தொங்குகிற கை அப்படித் தொங்காது. கண்ணாடியை அறைந்தேன். சிரித்த முகம் அசையவில்லை. கன்னமெல்லாம் சிவப்பு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. "தொறங்க" என்றேன். "தட்டலியேடி... மொதலாளி சொன்னாரே..." என்று இவர் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். சொன்ன சொல் தட்டாத மனிதர், என்ன செய்வது.

"தொறடா!" என்று கத்தினேன். கட்டின புருஷனை என் ஆயுசில் டா போட்டது அந்த ஒரு தடவைதான்.

கதவைத் திறந்ததும் மூட்டை சரிவதுபோல் அண்ணன் இவர் மேலேயே சரிந்தார். இரண்டு பேருமாக வேப்பமரத்தடிக்கு இழுத்தோம். மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இவர் சாக்கால் விசிறுகிறார், நெஞ்சைத் தேய்க்கிறார், "மொதலாளி, மொதலாளி" என்று அழுகிறார். எவ்வளவு நேரமோ. மாரியாத்தாளுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து மூச்சு விட்டார். வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார், யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. கொஞ்சம் பொறுத்துத் தெரிந்தது.

"பொகையே இல்லியே... ஒண்ணுமே தெர்லியே" என்றார். பிறகு கையை நீட்டி என் வீட்டுக்காரரின் கன்னத்தைத் தொட்டார். "இத்தினி நாளா நீ இதுலியா தம்பி போயி வந்த?"

இன்ஜின் ஆறிய பிறகு இவர் அடியில் படுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு கல்லாகத்தான் இருந்தது. சுத்தியலால் தட்டினால் கணீர் என்றது. ஆனால் குழாயை ஒட்டினாற்போல் சுற்றிலும் ஒரு கீறல், தலைமயிர் கனம். வண்டி குலுங்குகிறபோதெல்லாம் குழாய் ஆட, சூட்டில் விரிய, சுண்ணாம்பு அசையாமல் நிற்க, நடுவே வழி விட்டிருக்கிறது. பழைய புகையையாவது கண்ணும் மூக்கும் கண்டது. கறுப்பையெல்லாம் அந்தப் பெரிய சைலன்சர் வாங்கி வாலுக்கு அனுப்பிவிட, கண்ணுக்குத் தெரியாத விஷம் மட்டும் என் வீட்டுக்காரர் காலடியில் வந்துகொண்டிருந்தது.

"கோட்ட எங்கியும் போவாது இல்ல, நின்ன எடத்துலியே நிக்குது" என்றார் அண்ணன், படுத்தபடியே. "வண்டி ஓடுது. இத்த யோசிக்காம போயிட்டன் பாரு."

அதற்கப்புறம் பல நாள் அவர் பழைய மாதிரி இல்லை. திருப்புளியைக் கரண்டி என்பார். நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து போவார். மளிகைக் கடையிலிருந்து அவர் கூடப் பிறந்தவர் வந்து, லாரியை விற்றுத் தொலை என்று கூப்பாடு போட்டுவிட்டுப் போனார். விற்கவில்லை. விற்றால் வாங்குகிறவனைக் கடிக்குமே என்றார். திண்டிவனத்துக்கு வண்டியை அனுப்பி, குழாயை இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து, கேபினுக்கு அடியில் போகாமல் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப் பக்கமாக மேலே ஏற்றிக் கொண்டுவரச் செய்தார். கூடவே உட்கார்ந்து செய்ய வைத்தார். பற்றவைத்த இடத்தில் சோப்பு நுரை தடவி ஊதி ஊதிப் பார்த்தார்களாம்.

வண்டி திரும்பி வந்த அன்று மறுபடியும் கொட்டகை முன்னால் நின்றோம். அண்ணன் சாக்கை எடுத்துக்கொண்டு கேபினை நோக்கி நடந்தார், அந்தச் சாய்ந்த நடையோடு.

என் வீட்டுக்காரர் குறுக்கே போய் நின்றார். அவர் மொதலாளிக்குக் குறுக்கே நின்று நான் பார்த்ததில்லை.

"நீங்க வேணாம். நான் உக்கார்றேன்."

"நகரு தம்பி. பண்ணது நானு."

"ஓட்றது நானு. அன்னிக்கு உங்கள இழுத்துப் போட்டது இந்தக் கைதான். இன்னொரு வாட்டி என்னால ஆவாது மொதலாளி. உங்க ஒடம்பு இன்னும் நேராவல, இன்னொரு தடவ தாங்குமா?" என்றவர் என் பக்கம் பார்க்காமலே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டார். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்தேன். கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். இன்ஜின் ஓடியது. சத்தமில்லை. புகை மேலே, கேபின் கூரைக்கும் மேலே போய்க் கலைந்தது. உள்ளே இவர் முண்டாசைக் கழற்றி முகம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்ண மூடறான் பாரு" என்றார் அண்ணன்.

"இமைக்கிறாரு அண்ணே."

"ஒதடு செவந்துருக்குது."

"வெத்தில போட்டிருக்காரு."

"ஏன் இன்னும் தட்டல?"

"இப்பதானே அண்ணே ஏறனாரு."

எனக்கும் பயம்தான். ஆனால் பக்கத்தில் ஒருவர் என்னைவிட மோசமாக நடுங்கும்போது பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். திரும்பி அவரைப் பார்த்தேன். வேர்வை வழிந்தது. கிணற்றுக்குள் தொங்கியபோதுகூட வேர்க்காத மனிதர். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார், கையைப் பிசைந்தார், "போதும்மா, போதும்மா" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். நகத்தைக் கடித்துத் துப்பினார்.

அப்போது உள்ளே இவர் குனிந்தார். கண்ணாடியில் தலை மறைந்தது.

அண்ணன் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கதவுப்பிடி கை எட்டும் தூரத்தில் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. முஷ்டியை மடக்கிக் கண்ணாடியிலேயே குத்தினார். உடைந்து உள்ளே கொட்டியது. கையை உள்ளே விட்டுத் துழாவினார், "தம்பி, தம்பி" என்று.

இவர் நிமிர்ந்தார். கையில் முண்டாசுத் துண்டு. "கீழ வுழுந்துடுச்சு மொதலாளி, எடுத்தேன்" என்றார். தெளிவான கண், தெளிவான பேச்சு. "இன்னா இப்பிடி பண்ணிட்டீங்க? எனக்குத் தலைகூட நோவல. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா நல்லாத் தெரிஞ்சிருக்குமே."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேபின் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். முழங்கை வரை ரத்தம் வழிந்து வேட்டியில் சொட்டியது, அதைக் கவனிக்கவே இல்லை. நான் ஓடிப்போய் முந்தானையைக் கிழித்துக் கையில் சுற்றினேன். கண்ணாடித் துண்டு ஒன்று உள்ளே இருந்தது, பிடுங்கினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முதல் தடவை பார்க்கிற மாதிரி.

"ஏம்மா" என்றார். ஆனால் கோபம் இல்லை. "தெனமும் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு நீ எப்பிடிம்மா சோறு ஆக்கின?"

"ஆக்காம? நீங்க ரெண்டு பேரும் வந்து திம்பீங்களே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.